மாமா அனுப்பிய சாத்தான்

ஸ்டில்ஃபோர்ட்,
1658, ஏழாம் மாதம், 6ஆம் நாள்

அன்புள்ள ஒபதியா மாமாவுக்குத் தாமரி எழுதுவது.

வண்டிக்கார எத்ரோ நாளைக் காலையில் பாஸ்டனுக்குப் புறப்படுகிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும், பிள்ளை விட்டால்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. யோவேல் என்று கூப்பிடுகிறேன். அந்தப் பெயரைச் சொல்லி இன்னும் ஒருவரும் அவன் தலையில் தண்ணீர் தொட்டு வைக்கவில்லை. அவன் அப்பா சபையில் சேராமலே போன பனிக்காலத்தில் உறைந்த ஆறு காலடியில் உடைந்து போய்ச் சேர்ந்தார். நானும் சேரவில்லை. தாய் தகப்பனில் ஒருவராவது முழு அங்கத்தினராக இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கோ நெஞ்சுக் கட்டு. மூச்சு விடும்போது துருப்பிடித்த கதவு போலச் சத்தம் வருகிறது. தேவனுடைய உடன்படிக்கைக்கு வெளியே நின்றபடியே போய்விடுவானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கத்தினராக வேண்டுமென்றால், சாத்தான் என்னை எப்படிச் சோதித்தான், தேவன் எப்படி மீட்டார் என்று சபைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். பெண்கள் வாய் திறக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தால் போதகர் வாசிப்பார். நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். போதகர் விட்சன் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுல சோதனையே இல்லையேம்மா. சாத்தான் எங்க வந்தான்? எந்த உருவத்துல வந்தான்? தச்சர் ஓநாயப் பாத்தாரு, அவரு சம்சாரம் நெருப்புச் சக்கரம் பாத்தா. நீ என்னத்தப் பாத்த?"

நான் ஒன்றையும் பார்க்கவில்லை மாமா. மூன்று நாள் தூக்கமில்லை. ஒரு மத்தியானம் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தான். இது போய்ச் சேர்ந்தால் நான் தூங்கலாமே என்று நினைத்தேன். நினைத்தது நான்தான். பக்கத்தில் யாரும் நின்று சொல்லித்தரவில்லை. உடனே முழங்காலில் விழுந்து அழுதேன். பிள்ளைக்குக் கஷாயம் கொண்டுவந்த மருத்துவச்சி கெசியா அக்காதான் என்னைத் தூக்கிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

நீங்கள் வரைந்த சிங்கத்தைக் கண்டு குதிரைகள் மிரண்டன என்று அம்மா சொல்லுவாள். எனக்கு ஒரு சாட்சி எழுதித் தாருங்கள்.

தாமரி

—

பாஸ்டன் துறைமுகம்,
செப்டம்பர் 10 (மார்ச்சை முதலாக வைத்து நீங்கள் ஏழாம் மாதம் என்று எண்ணிச் சொல்வதை நாங்கள் இங்கே அஞ்ஞானிகள் வைத்த பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். போதகர் காதில் போட்டுவிடாதே.)

மூன்று கடல்களும் நாற்பத்தேழு மதுக்கடைகளும் போற்றும் பெயர்ப்பலகை ஓவியன், சிங்கங்களின் தகப்பன், கடல்கன்னிகளின் தாய்மாமன், ஒபதியா ஸ்டர்ட் தன் ஒரே மருமகளுக்கு வழங்கும் சாசனம் யாதெனில்:

அழாதே. ஒரு சாத்தான் வேண்டும், அவ்வளவுதானே? போன வாரம் நான் தீட்டிய திமிங்கிலத்தைப் பார்த்து இரண்டு மீனவர்கள் ஈட்டி எறிந்தார்கள். ஈட்டி இரண்டும் இன்னும் பலகையில்தான் நிற்கின்றன. வாடிக்கையாளர்கள் துணியைக் காயப்போட உதவுகின்றன. என் கரடியைத் தொங்கவிட்ட கடையில் எல்லோரும் இன்றுவரை பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். இப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு சாத்தான் எம்மாத்திரம்?

ஆனால் கொம்பும் வாலும் வைக்கவில்லை. அது மலிவான வேலை. உன் சாத்தானை நான் நல்ல உடுப்போடு அனுப்பியிருக்கிறேன். உன் பெயரில் எழுதிய சாட்சி தனித்தாளில் இருக்கிறது. அதன் நடுப்பகுதி இது. அனுபவித்துப் படி:

"ஓடைக்கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பட்ட மரத்தின் கீழே ஒருவர் நின்றார். கறுப்பு அங்கி, வெளுத்த கழுத்துப்பட்டி, இடுப்பில் மைக்குப்பி, கையிடுக்கில் ஒரு புத்தகம். குரல் தேனாக இருந்தது. 'கையெழுத்து மட்டும் போடும்மா, உன் பிள்ள பொழச்சுக்கும்' என்றார். அவருக்குப் பின்னால் கூடை ஏந்திய ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் கர்த்தரின் நாமத்தைச் சொன்னேன். புத்தகம் புகைந்தது."

எப்படி? புகைந்தது என்ற இடத்தில் எனக்கே இருமல் வந்துவிட்டது. அந்தப் பெண்ணை எதற்குச் சேர்த்தேன் என்று கேட்பாய். படத்தில் ஓர் ஆள் ஒற்றையாக நின்றால் வரி வசூலிக்க வந்தவன் மாதிரி இருக்கும். பின்னால் துணைக்கு ஒருத்தியை நிறுத்தினால்தான் படம் நிறையும். நாற்பது வருஷத் தொழில் ரகசியம், உனக்கு இலவசம்.

பேரனின் தலையில் தண்ணீர் விழுந்ததும் சொல்லியனுப்பு. நான் இங்கே பீரங்கி முழங்கச் சொல்கிறேன்.

ஒபதியா

—

ஸ்டில்ஃபோர்ட், ஏழாம் மாதம், 20ஆம் நாள்

மாமா,

தண்ணீர் விழுந்துவிட்டது. யோவேல் இப்போது சபையின் பிள்ளை. அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு அவன் அழக்கூட இல்லை. என்னையே பார்த்தான். நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

போதகர் சாட்சியை வாசித்தார். புத்தகம் புகைந்த இடத்தில் பெண்கள் பக்கத்தில் விம்மல் எழுந்தது. என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அதைப் பணிவென்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மூப்பர் லெமுவேல் கிரேஞ்ச் என்னை நிறுத்தினார். கொடுமைக்காரர் இல்லை மாமா. யோவேலின் அப்பா போனபிறகு எனக்குக் குளிருக்கு விறகு வெட்டிப் போட்டவர் இவர்தான்.

"தாமரி, கூடை வெச்சிருந்த பொம்பள யாரும்மா?"

"முகம் தெரியலைங்க ஐயா. திரும்பி நின்னா."

"முகத்தப் பாக்கல, கூடைய மட்டும் பாத்தியா?"

சுற்றி நின்ற எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கெசியா அக்கா பட்டைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இந்த ஊரில் கூடை இல்லாமல் வெளியே வராதவள் அவள் ஒருத்திதான். வேர், இலை, பட்டை எல்லாம் அதில்தான் இருக்கும். எனக்கு இது தோன்றவே இல்லையே மாமா! எழுதின உங்களுக்குத் தெரியாது. அந்தத் தாளைக் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேனே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

அதற்குப்பின் மூன்று வீட்டுக்காரர்கள் ஓடைக்கரையில் கறுப்பு அங்கிக்காரரைப் பார்த்துவிட்டார்கள். தச்சர் வீட்டுப் பசு பால் கொடுக்கவில்லையாம். கெசியா அக்கா போகும்போது பிள்ளைகள் கூடையைக் குறிபார்த்துக் கல் எறிகிறார்கள். அவள் சிரிக்கிறாள். "எறிங்கடா, உங்க எல்லாரையும் தலைகீழாத் தூக்கிப் பிடிச்சு முதுகுல தட்டினவ நான்தான்" என்கிறாள். என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

தாமரி

—

பாஸ்டன், செப்டம்பர் 24

என் மருமகளே,

முதலில் பேரனுக்குப் பீரங்கி முழங்கியது. ஒன்றல்ல, பதினாறு. (ஒரு மாலுமி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.)

இனி உன் பயத்துக்கு வருவோம். உன் மாமன் உண்டாக்கிய பெண்ணை உன் மாமனே காணாமல் போக்கத் தெரிந்தவன். ஒரு தடவை ராணியின் தலை என்று பலகை கேட்ட கடைக்காரனுக்கு வரைந்து கொடுத்தேன். அது அவன் மாமியார் ஜாடையில் அமைந்துவிட்டது. வீட்டில் கலவரம். நான் என்ன செய்தேன்? அழிக்கவில்லை. மூக்கை இன்னும் ஒரு சாண் நீட்டிவிட்டேன். உலகத்தில் யாருக்கும் அப்படி மூக்கு இல்லை. ஆகவே அது யாருமில்லை. சண்டை ஓய்ந்தது.

அதையே நீ செய். மூப்பர் மறுபடி கேட்டால், "இப்போ நினைவு வருதுங்க ஐயா, அந்தப் பொம்பள ஏழடி உயரம்" என்று சொல். உங்கள் ஊரில் ஏழடிப் பெண் உண்டா? பெரிதாக்கிவிட்டால் ஒருவருக்கும் பொருந்தாது.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். பேனா கொஞ்சம் கோணியிருப்பது குளிரால்.

ஒபதியா

—

ஸ்டில்ஃபோர்ட், ஏழாம் மாதம், 30ஆம் நாள்

மாமா,

ஏழடி என்று சொன்னேன்.

மூப்பர் கிரேஞ்ச் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பிறகு, "கெசியாவுக்கு அஞ்சடிகூட இல்ல. ஏழடியா நிமிர்றதுன்னா மனுஷ சக்தியில்ல. சந்தேகம் இருந்துச்சு, இப்போ இல்ல" என்றார். மறுநாள் அவளை அவருடைய களஞ்சியத்தில் அடைத்துவிட்டார்கள். வழி காய்ந்ததும் பாஸ்டனுக்கு விசாரணைக்கு அனுப்பப்போகிறார்கள்.

பிள்ளைக்கு நெஞ்சு மறுபடி கட்டிக்கொண்டது. காட்டுச் செர்ரிப் பட்டையை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். வெட்கத்தை விட்டுக் களஞ்சியத்துக்குப் போனேன். பலகை இடுக்கு வழியாகப் பேசினோம்.

"ஏழடியாமேடி நான்?" என்றாள். "இந்த இடுப்பு வலியோட ஏழடி நிமிர்ந்தேன்னா அதுவே பெரிய அற்புதம்தான். எங்கடி பாத்த அந்த அழக?"

நான் அழுதேன்.

"அழாத. பால் கெட்டுப்போயிடும். பட்டைய மூணு கொதி விடு, நாலாவது விட்டா கசந்து கக்கிடுவான். போ." நான் திரும்பும்போது, மெதுவாக, "நான் உன்ன என்னடி செஞ்சேன்?" என்றாள். அது என் முதுகில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.

இன்று மத்தியானம் மூப்பர் வீட்டுக்கு வந்தார். ஒரு தாளைப் புத்தகத்தின்மேல் வைத்து நீட்டினார். கூடை வைத்திருந்தவள் கெசியாதான் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்து மட்டும் போடும்மா. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"நான் முகத்தப் பாக்கலையே ஐயா."

"முகத்த நாங்க எழுதிட்டோம். நீ பேர மட்டும் போடு."

"போடலைன்னா?"

அவர் தொட்டிலைப் பார்த்தார். வருத்தத்தோடுதான் பார்த்தார். "அப்போ சபையில வாசிச்சது பொய்யின்னு ஆகுமில்ல? பொய் சொல்லி ஞானஸ்நானம் வாங்கினவகிட்ட ஒரு பிள்ளைய எப்படிம்மா விட்டுவெக்கிறது? தச்சர் வீட்டுல வளக்கத் தயாரா இருக்காங்க."

அப்போதுதான் கவனித்தேன். கறுப்பு அங்கி. வெளுத்த கழுத்துப்பட்டி. இடுப்பில் மைக்குப்பி. அவர் எப்போதும் அப்படித்தான் உடுத்துவார், மூப்பர்கள் எல்லோருமே அப்படித்தான். ஆனால் தேன் போன்ற அந்தக் குரலை நான் முதலில் கேட்டது உங்கள் தாளில்தான். கர்த்தரின் நாமத்தைச் சொல்ல நினைத்தேன். அதை அவர் எனக்கு முந்தியே சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன். எத்ரோவை அவசரமாக அனுப்புகிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள் மாமா. எதையும் பெரிதாக்காமல் எழுதுங்கள்.

தாமரி

—

பாஸ்டன், அக்டோபர் 3

தாமரி,

இந்தக் கடிதத்துக்கு ஒரு முதல் தாள் இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் என்ன எழுதியிருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். கையெழுத்துப் போட்டுவிடு என்று எழுதியிருந்தேன். கிழவி வாழ்ந்து முடித்தவள், பிள்ளை வாழ வேண்டியவன் என்று நியாயமெல்லாம் சொல்லியிருந்தேன். எழுத்து என் கையெழுத்துத்தான், நடை என் நடையில்லை. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அன்பாக நான் என்றைக்கும் எழுதியதில்லை. திரும்பப் படித்தபோது என் அறையில் யாராவது இருக்கிறார்களா என்று பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. உனக்கும் அன்றைக்கு ஒருவரும் இல்லை என்றுதானே முதல் கடிதத்தில் சொன்னாய்? நான்தான் அதற்கு உடுப்பு தைத்துக் கொடுத்தேன்.

எதிலும் கையெழுத்துப் போடாதே. நான் வருகிறேன். உன் சாட்சியின் அடித்தல் திருத்தல் உள்ள முதல் பிரதி என்னிடம் இருக்கிறது. ஓரத்தில், "இங்கே ஒரு பெண் நின்றால் நன்றாக இருக்கும், கையில் ஏதாவது கொடுக்கலாம், மீனா கூடையா?" என்று குறித்திருக்கிறேன். மீனை அடித்துவிட்டுக் கூடையை வைத்தேன். மீனை வைத்திருக்கலாம்.

ஒபதியா

—

ஸ்டில்ஃபோர்ட், மூப்பர் கிரேஞ்சின் களஞ்சியம்,
அக்டோபர் 9

மருமகளே,

வைக்கோல் மெத்தை, எலிகளின் சங்கீதம், வாசலில் இரண்டு காவலர்: ஆளுநருக்குக்கூட இவ்வளவு மரியாதை இல்லை. உன்னை வீட்டை விட்டு வெளியே விடாததால் நடந்ததை நானே சொல்கிறேன்.

சபைக் கூடத்தில் என் பிரதியைக் கொடுத்தேன். ஓரக்குறிப்பைப் போதகர் உரக்க வாசித்தார். மீனா கூடையா என்ற இடத்தில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அந்தச் சிரிப்பில் கெசியா தப்பித்தாள். கூடை என் கற்பனை என்பதை ஒப்புக்கொண்டார்கள். அவள் வெளியே வந்தாள், நான் உள்ளே வந்தேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவள்தான். என்னைத் திட்டிய திட்டில் எலிகள்கூட ஓடிவிட்டன.

பிறகு மூப்பர் கேட்டார். "கூடை கற்பன. சரி. அந்த மனுஷன்?"

"அதுவும்தாங்க."

"பாக்காதவனுக்குக் கழுத்துப்பட்டி தெரியுமா? குரல் தெரியுமா? என்ன சொல்லி மயக்குவான்னு வார்த்த வார்த்தையாத் தெரியுமா?"

"ஐயா, நான் கடல்கன்னிகூடத்தான் வரைஞ்சிருக்கேன். கல்யாணமா பண்ணிக்கிட்டேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

"யாரப் பாத்து எழுதின?"

தாமரி, நாக்கு நுனியில் பதில் நின்றது. வெளுத்த கழுத்துப்பட்டிகள் வரிசையாக என் முன்னால் உட்கார்ந்திருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். "அப்போ உன்னப் பாத்தே எழுதியிருக்க" என்றார். குறித்துக்கொண்டார்கள்.

உன்னிடம் நாளை ஒரு புதுத் தாள் வரும். பட்ட மரத்தடியில் நின்றவன் உன் தாய்மாமன் என்று அதில் இருக்கும். அதில் கையெழுத்துப் போடு. ஆமாம், போன கடிதத்தில் வேறு மாதிரி எழுதினேன். அது அப்பாவி ஒருத்தியைப் பற்றிய தாள். இது என்னைப் பற்றியது. உன் சாட்சி மெய்யென்றாகிவிடும், பிள்ளை உன்னிடமே இருப்பான். எனக்கு ஒன்றும் ஆகாது. பாஸ்டனில் விசாரிக்கிறவர்களில் பாதிப்பேர் என் பலகைகளுக்குக் கீழே குடித்தவர்கள். நாலு சவுக்கடி, ஒரு மணி நேரம் தொழுமரத்தில் கால் மாட்டி உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய வேஷம் எனக்கு இனிமேல் கிடைக்கவும் போவதில்லை. யோசிக்காதே.

ஒபதியா

—

ஸ்டில்ஃபோர்ட், எட்டாம் மாதம், 11ஆம் நாள்

மாமா,

கெசியா அக்கா உங்கள் கடிதத்தைக் கொடுத்தாள். பட்டையைத் தன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்தாள். "பிள்ளைக்காகத்தான் வந்தேன். உனக்குன்னு நெனச்சுக்காத" என்றாள். யோவேலுக்கு மூச்சு இறங்கியிருக்கிறது. இப்போது என் மடியில்தான் இருக்கிறான்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் எதையும் உள்ளபடிக்குச் சொன்னதே இல்லை, எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்குவீர்கள். ஒரே ஒரு விஷயத்தைத்தான் சின்னதாக்கி எழுதியிருக்கிறீர்கள். நாலு அடி, ஒரு மணி நேரம் தொழுமரம் என்று. அந்த வரியைப் படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் குற்றத்துக்குப் பாஸ்டனில் என்ன செய்வார்கள் என்று எத்ரோவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வாசலிலேயே நின்றிருந்தார். நான் கேட்கவில்லை.

மூப்பர் நேற்று மத்தியானம் வந்தார். அரை மூட்டை சோளம் கொண்டுவந்தார். நான் தாளைப் படித்துப் பார்க்கட்டும் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பார்த்து விரலை ஆட்டினார். பிள்ளை சிரித்தான்.

போட்டேன் மாமா.

கை நடுங்கும், மை சிந்தும் என்று பழந்துணி எடுத்து வைத்திருந்தேன். நடுங்கவில்லை. என் பெயரை இவ்வளவு அழகாக நான் எழுதியதே இல்லை. மூப்பர்கூட, "படிச்ச பிள்ள எழுத்துன்னு பாத்தாலே தெரியுது" என்று பாராட்டினார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். பிள்ளையைப் பற்றி அதற்குப்பின் ஒரு பேச்சும் இல்லை.

புறப்படும்போது கதவருகே நின்று, "அடுத்த வாரமும் வரேம்மா. இன்னும் ரெண்டு பேரு மேல தாள் இருக்கு" என்றார்.

"சரிங்க ஐயா" என்றேன்.

தாமரி